பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு வந்த காசைக் கடதாசியில் பார்ப்பது எப்படி?

பதுளையிலோ பேராதனையிலோ ஒரு பீடக் கட்டடம் வெறும் தூண்களோடு நின்றுவிட்டால், ஊருக்குக் கிடைக்கும் பதில் "காசு வரவில்லை" என்பதுதான். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உண்மையா என்று கடதாசியைப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும்.

முதலில் மூன்று தொகைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்: அமைச்சரவை அங்கீகரித்த மொத்த மதிப்பீடு, இந்த வருடத்துக்கு ஒதுக்கிய தொகை, திறைசேரி உண்மையில் விடுவித்த தொகை. அடிக்கல் நாட்டும் மேடையில் சொல்லப்படுவது முதலாவது. மேசனுக்குக் கூலி போவது மூன்றாவதிலிருந்து. வருடாந்த வரவு செலவு மதிப்பீட்டுப் புத்தகம் தமிழிலும் வருகிறது. அதில் உயர்கல்வியின் கீழ் 'மூலதனச் செலவு' பகுதியை மட்டும் பாருங்கள். 'மீண்டெழும் செலவு' என்பது சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போவது.

புதிய பல்கலைக்கழகம் என்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவின்கீழ் வர்த்தமானிக் கட்டளை வேண்டும். மலையகத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் என்று யார் அறிவித்தாலும் அந்த வர்த்தமானி இலக்கத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இனி விண்ணப்பம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத்தபால்.

"கட்டடம் ஏன் தாமதம்?" என்று எழுதினால் இரண்டு வரி விளக்கத்தோடு காரியம் முடிந்துவிடும். விளக்கம் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"மேற்படி கட்டடத்தின் ஒப்பந்தம், பி.ஓ.கியூ., இன்றுவரை கொடுபட்ட எல்லா இடைக்கால பில்கள், அவற்றுக்கான அளவைத் தாள்கள், மாற்றக் கட்டளைகள், காலநீடிப்புக் கடிதங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளைத் தருக."

பி.ஓ.கியூ. என்பது ஒவ்வொரு வேலையின் அளவையும் விலையையும் எழுதிய பட்டியல். இடைக்கால பில் என்பது வேலை நடக்க நடக்க ஒப்பந்தகாரர் காசு கேட்டுக் கொடுப்பது, அளவைத் தாள் என்பது செய்த வேலையை அளந்து எழுதியது, மாற்றக் கட்டளை என்பது ஒப்பந்த வேலையை மாற்றவோ கூட்டவோ எழுதும் உத்தரவு. கடைசியில் கேட்ட மண்சரிவு அறிக்கைதான் மலையகத்தில் உயிர்நாடி. சமதரையில் கட்டுவதற்கும் சரிவில் கட்டுவதற்கும் உள்ள செலவு வித்தியாசம் அத்திவாரத்துக்குக் கீழேதான் இருக்கிறது: மண் வெட்டு, தாங்கு மதில், வடிகான். மண் பரிசோதனையை ஒழுங்காகச் செய்யாமல் மதிப்பீடு போட்டால், வெட்டத் தொடங்கிய பிறகு பாறை வரும், ஊற்று வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றக் கட்டளை எழுதப்படும். ஒதுக்கிய காசு மண்ணுக்குள்ளேயே தீர்ந்துபோகும், கூரைக்கு மிஞ்சாது.

பாறை வெட்டுக்கான கன மீற்றர் விலை மண் வெட்டு விலையைவிடப் பல மடங்கு. ஆகவே பில்லில் அந்த வரியைத் தேடுங்கள். குழி 40 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 3 மீற்றர் ஆழம் என்றால் மொத்த வெட்டே 240 கன மீற்றர்தான். மண்ணும் பாறையும் சேர்ந்து அதைத் தாண்டினால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. உருண்டைக் கல் எவ்வளவு பெரிதானால் பாறையாகக் கணக்கிடப்படும் என்பதை பி.ஓ.கியூ.வின் முன்குறிப்பில் பாருங்கள். குழியை மூடுமுன் இரு தரப்பும் கையொப்பமிட்ட அளவைத் தாளும் படமும் இருக்க வேண்டும். மூடிய பிறகு எழுதிய அளவை யாராலும் சரிபார்க்க முடியாது.

வேலை தொடங்க ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கும் முற்பணத்தையும் கவனியுங்கள். வழமையாக ஒப்பந்தத் தொகையில் 20 வீதம் வரை கொடுக்கப்பட்டு, பின்வரும் பில்களில் கழிக்கப்படும். முற்பணம் கழிக்கப்படாமல் வேலை நின்றிருந்தால், முற்பணப் பிணை (அந்தக் காசுக்கு ஒப்பந்தகாரர் கொடுத்த உத்தரவாதம்) இன்னும் செல்லுபடியாகிறதா என்று உடனே கேளுங்கள். பிணை காலாவதியானால் காசைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதாக முடிவெடுத்தால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஆவணம் நிறைய என்றால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் 'குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம்' மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம். அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெரும்பாலும் சொல்லப்படும் மறுப்பு "வணிக இரகசியம்". பொது நலன் மேலோங்கினால் அந்த விலக்கு நிற்காது என்று 5(4)ஆம் பிரிவு சொல்கிறது. இரகசியமான பகுதி இருந்தாலும் அதை மட்டும் நீக்கி மிச்சத்தைத் தர வேண்டும் என்பது 6ஆம் பிரிவு. இரண்டையும் மேன்முறையீட்டில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

இதோடு பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையில் இணைத்திருக்கும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையையும் படியுங்கள். பயன்படாமல் கிடக்கும் கட்டடங்கள், நீட்டப்பட்ட ஒப்பந்தங்கள் அங்கே வெளிப்படையாக எழுதப்படுகின்றன. பாராளுமன்றத்தின் கோப் குழு (அரசாங்கப் பொது முயற்சிகள் பற்றிய குழு) பல்கலைக்கழகங்களை அழைத்து விசாரிப்பதும் இதை வைத்துத்தான். உங்கள் பகுதி உறுப்பினருக்குப் பக்க எண்ணோடு அனுப்பிவையுங்கள்.

கட்டடம் முடிந்தாலும், பில்களிலிருந்து பிடித்துவைத்த பிடிப்புப் பணத்தில் வழக்கமாகப் பாதி, குறைபாட்டுக் காலம் (ஒப்பந்தகாரர் குறைகளைத் திருத்திக் கொடுக்க வேண்டிய காலம்) முடியும்வரை பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கும். அந்தக் காலம் பெரும்பாலும் 365 நாள். அதற்குள் மழை கட்டாயம் வரும்: ஹட்டன், நுவரெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை, பதுளைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. மழை விட்ட அடுத்த நாள் போய், தாங்கு மதிலில் தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் ஓடுகின்றனவா, மதில் முன்னே தள்ளியிருக்கிறதா, தரையில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். படமெடுத்துத் திகதி போட்டு, காலம் முடிவதற்கு முன்பே பதிவாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.