மரம் ஏறும்போது செயின்சாவை ஹார்னஸில் மாட்டும் முறை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தூங்குமூஞ்சி, அங்சானா, கிழட்டு டுரியான் என்று பெரிய மரங்களுக்குப் பஞ்சமில்லை. பலத்த காற்று அடித்த மறுநாள் கோயில்காரர்களும் தாமான் (குடியிருப்பு) காரர்களும் கிளை வெட்ட ஆள் தேடுவார்கள். ஏறத் தெரிந்த பையன்கள் இங்கே நிறையவே இருக்கிறார்கள். நல்ல ஏறு கயிறும், இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னஸும் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் செயின்சாவை மட்டும் கையில் கிடைத்த நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மேலே கொண்டுபோக வேண்டியது மேல்பிடி வைத்த சின்ன ரம்பம். எண்ணெய் ஊற்றி, பிளேடு மாட்டினால் நான்கைந்து கிலோ வரும். அதன் பின்பக்கத்தில் ஒரு வளையம் இருக்கும். ரம்பத்தை ஹார்னஸோடு இணைக்கும் கயிறான லேன்யார்டை அந்த வளையத்தில்தான் மாட்ட வேண்டும். கைப்பிடியில் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

லேன்யார்ட் வாங்கும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்: அளவுக்கு மீறி இழுத்தால் பிய்ந்துவிடும்படி தைத்த துண்டு அதில் இருக்க வேண்டும். "காசு கொடுத்து வாங்கியது எதற்கு அறுந்துபோக வேண்டும்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. காரணம் இதுதான். கிளையை முக்கால்வாசி அறுத்ததும் அது சாயத் தொடங்கும். சில சமயம் வெட்டுவாய் மூடி, பிளேடைக் கவ்விக்கொள்ளும். கிளை முறிந்து விழும்போது ரம்பத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நூறு, இருநூறு கிலோ கிளை அது. ரம்பம் அறாத கயிற்றில் உங்கள் இடுப்போடு கட்டியிருந்தால் அந்த இழுவை முழுவதும் உங்கள் முதுகெலும்புக்கு வரும். அந்தத் துண்டு பிய்ந்தால் போவது ரம்பம் மட்டும்தான். ரம்பம் கடையில் கிடைக்கும். ஆகவே அந்தத் துண்டைக் கம்பியாலோ கேபிள் டையாலோ இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். ஒருமுறை தையல் கொஞ்சம் விட்டிருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள்.

ஹார்னஸில் எங்கே மாட்டுவது? முதுகுப் பக்கம் நடுவில் இருக்கும் இணைப்புதான் எனக்குப் பிடித்த இடம். எடை நடு முதுகில் நேராக இறங்கும், ரம்பமும் ஏறு கயிற்றை விட்டு விலகி நிற்கும். பக்கவாட்டு இணைப்பிலும் மாட்டலாம். ஆனால் கைரம்பம், கப்பி தொங்கவிடும் மெல்லிய பிளாஸ்டிக் வளையங்களில் மாட்டக்கூடாது. எந்த வளையம் எவ்வளவு தாங்கும் என்று ஹார்னஸோடு வரும் கையேட்டில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டே மாட்டுங்கள்.

நீளத்தைத் தரையிலேயே சரிபாருங்கள். தாழ்வான கிளையில் கயிறு போட்டு, ஹார்னஸில் தொங்கிக்கொண்டு, நிறுத்திய ரம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து முழுசாக நீட்டுங்கள். லேன்யார்ட் பின்னால் இழுக்கக்கூடாது. அப்புறம் ரம்பத்தை மெதுவாக விடுங்கள். அது முழங்காலுக்குக் கீழே, தொடையில் இடிக்காமல் தொங்க வேண்டும்.

இடம் மாறி ஏறும்போது அப்படி நீளமாகத் தொங்கவிட்டால் கிளைகளில் சிக்கும். அதற்கு இரண்டாவதாக ஒரு கேரபினர் (பூட்டுக் கொக்கி) வைத்து, ரம்பத்தின் வளையத்தையே நேராக ஹார்னஸில் மாட்டிவிடுங்கள். அப்படி மாட்டும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும், பிளேடு கீழ்நோக்கி இருக்க வேண்டும். சூடான சைலன்சர் கயிற்றில் பட்டால் நைலானும் பாலியெஸ்டரும் உருகும். ஓடாத சங்கிலியின் பல்கூட இழுவையில் இருக்கும் கயிற்றைக் கீறிவிடும். ஒரு கொக்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது புதியதில் மாட்டிய பிறகே பழையதைக் கழற்றுங்கள்.

தரையிலிருந்தே ரம்பத்தோடு ஏறாதீர்கள். ஏறி, ஏறு கயிற்றோடு கம்பி வைத்த இடுப்புக் கயிற்றையும் மரத்தைச் சுற்றிப் போட்டு நின்ற பிறகு மேலே வரவழையுங்கள். கீழே இருப்பவர் ரம்பத்தை ஓடவிட்டுச் சூடாக்கி, சங்கிலி ஓடாதபடி பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாமான் கயிற்றில் மாட்டி அனுப்புவார்.

"தம்பி, பிரேக் போட்டாச்சா?"

"போட்டாச்சு அண்ணே."

இதைக் கேட்காமல் நான் கயிற்றை இழுப்பதில்லை. கையில் வந்ததும் முதலில் உங்கள் லேன்யார்டை ஹார்னஸில் மாட்டி, கேரபினர் பூட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் சாமான் கயிற்றைக் கழற்ற வேண்டும்.

வெட்டும்போது இரண்டு கையும் ரம்பத்தில் இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் ரம்பத்தை லேன்யார்டில் விடுவதற்கு முன்னால், ஒரு நொடி வேலை என்றாலும், பிரேக் போடுங்கள். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கெரெங்கா. இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்புகள் மாமரத்திலும் டுரியானிலும் எப்போதும் இருக்கும். கழுத்தில் பத்துப் பதினைந்து ஒரே சமயத்தில் கடித்தால் கை தானாகவே ரம்பத்தை விட்டுவிடும். அதனால் ஏறுவதற்கு முன் கூடு எங்கே என்று பாருங்கள். கூடு பக்கத்தில் இருந்தால் அந்தக் கிளையைக் கைரம்பத்தால் முடித்துவிடுங்கள்.

பிளேடு மாட்டிக்கொண்டால் முறுக்கி இழுக்காதீர்கள். எஞ்சினை நிறுத்துங்கள். வெட்டுக்குத் தண்டுப் பக்கத்தில், மரத்திலேயே ரம்பத்தைக் கட்டிவிட்டு உங்கள் லேன்யார்டைக் கழற்றுங்கள். கிளையைத் தூக்கிப் பார்த்தும் வரவில்லையா, மாட்டிய இடத்திலிருந்து நுனிப் பக்கமாக குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளிக் கைரம்பத்தால் அறுத்து விடுவியுங்கள். தண்டுப் பக்கம் அறுத்தால் கிளையோடு ரம்பமும் போய்விடும்.

கூலிக்குப் போகும் தம்பிகளுக்கு ஒன்று. லேன்யார்ட் வாங்கித் தருவது முதலாளியின் வேலை. 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதைச் சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையை விட்டு விலகி நிற்கும் உரிமையை அது தொழிலாளிக்குக் கொடுக்கிறது. "இன்று மட்டும் சமாளி" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.