சாவியைத் தேடாதீர்கள், மணியைப் பாருங்கள்

தாம்பரம் மின்சார ரயிலில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் என்ன நடக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நாலு பேர் சாவிக்கொத்தைத் தேடுவார்கள், ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போவார். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். நல்ல பெயர் சாவிக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. கூட வந்தவர் முடிந்தால் போனில் வீடியோ எடுக்கட்டும், டாக்டரிடம் காட்டுவதற்கு மட்டும்.

விழுந்தவருக்கு எதுவும் நினைவிருக்காது, பார்த்தவர் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் முக்கால்வாசி முடிவுக்கு வருகிறார். ஆனால் நம் ஆட்கள் தனியாகப் போய் "மயங்கி விழுந்துட்டேன்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கத்திரி வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று, கண் இருட்டி, வியர்த்து வெளுத்து விழுகிறவருக்கும் சில நொடி கை கால் வெட்டும். அது வெறும் மயக்கம், சட்டென்று தெளிந்துவிடுவார். நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தால், எழுந்த பிறகும் வெகுநேரம் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழித்தால், வலிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதயத் துடிப்புக் கோளாறும் இப்படி ஆளைச் சாய்க்கும், அதனால் ஈ.சி.ஜி. எதற்கு என்று சண்டை போடாதீர்கள்.

கை கால் இழுத்தால்தான் வலிப்பு என்று நினைப்பதும் தப்பு. பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று வெறித்துப் பார்ப்பார், சப்புக்கொட்டுவார், சட்டைப் பொத்தானை நிரடுவார், ஒரு நிமிடத்தில் பழையபடி ஆகிவிடுவார். சிலருக்கு வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பும், இல்லாத நாற்றம் அடிக்கும். இதற்குக் காத்து கருப்பு என்று பெயர் வைத்து வருடக்கணக்கில் மந்திரித்துக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு.

அப்புறம் "ஈ.ஈ.ஜி. நார்மல், அப்போ ஒண்ணும் இல்லை" என்கிற நிம்மதி. மூளையின் மின் அலைகளை அரை மணி நேரம் பதிவு செய்கிற சோதனை அது, அந்த அரை மணியில் மூளை அமைதியாக இருந்தால் என்ன பதிவாகும்? அதனால்தான் இரவில் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லி மறுபடி எடுக்கிறார்கள். (முந்தின நாள் தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளியுங்கள், எண்ணெய் வேண்டாம், வயர் ஒட்டாது.) வலிப்புக்குக் காரணமாக மூளை ஸ்கேனில் நாடாப்புழுக் கட்டி தெரிந்தால் "நாங்க சுத்த சைவம்" என்று நம்ப மறுப்பார்கள், அதன் முட்டை சரியாகக் கழுவாத கீரையிலும் கையிலும்கூட வரும்.

ஒருமுறை வந்ததுமே ஆயுளுக்கும் வலிப்பு நோயாளி என்று முடிவுகட்டவும் வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ இறங்கியதால், குடியைத் திடீரென நிறுத்தியதால் வந்தது வேறு கணக்கு. அப்படி எந்தத் தூண்டுதலும் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தால்தான் பொதுவாக அந்தப் பெயர். ஒரே தடவைதான் என்றாலும், ஸ்கேனிலோ ஈ.ஈ.ஜி.யிலோ மறுபடி வரும் அபாயம் தெரிந்தால் அப்போதும் சொல்வார்கள்.

கடைசியாக, கல்யாணத்துக்குப் பயந்து டாக்டரிடமே மறைப்பது. இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பு என்ற வார்த்தையை 1999-லேயே எடுத்தாயிற்று, வீடுகளில் இன்னும் எடுக்கவில்லை. "இதுக்கு முன்னாடி வந்ததே இல்லை டாக்டர்" என்பார் அம்மா. காலையில் எழுந்ததும் கை வெட்டி காபி டம்ளர் கீழே விழுகிறதா என்று கேட்டால் மட்டும், "அது அடிக்கடி நடக்கும், இவ அவசரக்காரி" என்பார். அந்த வெட்டலும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். அந்த டம்ளரைச் சொல்லாமல் விட்டால் டாக்டர் பொருந்தாத மாத்திரையை எழுதிவிடக்கூடும், சில வலிப்பு மாத்திரைகள் அந்த வெட்டலை அதிகமாக்கிவிடும்.