கொழும்பு கனத்தைக்குப் போக நினைக்கிறவர்கள் புறப்படும் முன் செய்ய வேண்டியவை

கட்டுநாயக்காவில் இறங்கியதும் நேரே யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ வான் பிடிக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். கொழும்பு என்றால் ஒரு இரவுத் தங்கல், வெள்ளவத்தையில் ஒரு சாப்பாடு, கொஞ்சம் சேலைக்கடை, அவ்வளவுதான். ஆனால் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்த அப்பப்பா, கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்த பெரியப்பா, பெரியாஸ்பத்திரியில் வைத்தியத்துக்கு வந்து ஊர் திரும்பாமலே போன அம்மம்மா என்று யாராவது ஒருவர் பல குடும்பங்களில் கனத்தை என்கிற பொரளைப் பொது மயானத்தோடு முடிந்திருப்பார். ஊரில் பற்றை மண்டிக் கிடக்கும் காணியைப் பார்க்க நாள்கணக்காக ஒதுக்குகிறோம், இவர்களுக்கு ஒரு அரை நாள் போதும். அந்த அரை நாள் பலன் தர வேண்டுமென்றால் வேலையை டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கும்போதே தொடங்க வேண்டும், ஏனென்றால் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றால் அந்தப் பெரிய மயானத்தில் வெயிலில் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

முதல் கேள்வி, அது உண்மையிலேயே கனத்தைதானா என்பது. வீட்டில் பெரியவர்கள் "கொழும்புச் சுடலை" என்று பொதுவாகச் சொல்லியிருப்பார்கள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் இருந்த குடும்பம் என்றால் அது மாதம்பிட்டி மயானமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெள்ளவத்தை, தெஹிவளைக்காரர் என்றால் கல்கிசை மயானமாகவும் இருக்கலாம், அது வேறு மாநகர சபையின் எல்லை, கொழும்பு மாநகர சபையில் போய்க் கேட்டுப் பயனில்லை. முஸ்லிம் உறவினர் என்றால் ஜாவத்தை, குப்பியாவத்தை பக்கம் விசாரியுங்கள். இதில் ஒரு ஊகத்தை வைத்துக்கொண்டு ஓட்டோ பிடிக்காதீர்கள்.

சரி, எப்படி உறுதிப்படுத்துவது? மரண அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மரணத்துக்கான காரணம் எழுதியிருக்கும் இடத்தோடு சேர்த்து, அடக்கம் அல்லது தகனம் செய்த இடமும் பெரும்பாலும் இருக்கும். பத்திரம் கையில் இல்லையென்றால் பிரதி எடுக்கலாம், ஆனால் மரணம் எங்கே நடந்ததோ அந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். சாவகச்சேரியில் பிறந்து வளர்ந்தவர் கொழும்பு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியிருந்தால் அதைக் கொழும்புப் பதிவாகத்தான் தேட வேண்டும்.

அத்தாட்சிப் பத்திரத்தை விட எனக்கு நம்பிக்கையான சாமான் கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்துக் கொடுத்த அந்தச் சின்னப் புத்தகம் எந்த வீட்டிலும் ஒரு அலுமாரியின் அடியில் கிடக்கும். திகதி, திதி, முழுப்பெயர், தகப்பன் பெயர், பிள்ளைகள் மருமக்கள் வரிசை எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கும், கவிதை எப்படி இருந்தாலும் விபரம் பிழைக்காது. உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் மாமி வீட்டில் இருக்கும், அங்கும் இல்லையென்றால் நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்கள் நிறைய ஏற்றி வைத்திருக்கிறார்கள், ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பத்திரிகை மரண அறிவித்தலும் உதவும். "பூதவுடல் பிற்பகல் 4 மணிக்குப் பொரளை கனத்தை பொது மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும்" என்ற அந்த ஒரு வரி கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களைப் பார்க்கக் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது, கனத்தையிலிருந்து அதிக தூரமில்லை. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் பதிவேட்டையும் கேளுங்கள். கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயம், ஜிந்துப்பிட்டி புனித தோமா ஆலயம் போன்ற பழைய தமிழ்ச் சபைகளில் அடக்கப் பதிவு தனியாக வைத்திருப்பார்கள், பாதிரியாருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டுப் போவது மரியாதை.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. பிரித்தானியர் காலத்துப் பதிவு என்றால் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், பிந்தியவை சிங்களத்திலும் இருக்கும். செல்லையா, தம்பையா, சின்னத்தம்பி மாதிரிப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது கிளாக்குக்குக் கிளாக் எழுத்து மாறும், முன்னெழுத்தை மட்டும் போட்டுத் தகப்பன் பெயரை விழுங்கியிருப்பார்கள், சில இடத்தில் தகப்பன் பெயரே ஆளின் பெயராகிவிட்டிருக்கும். எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா வடிவத்தையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, சிங்களம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சிங்களத்திலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இறந்த திகதி, அடக்கம் நடந்த திகதி இரண்டும் வேண்டும். பதிவேடு திகதி வரிசையில் ஓடுவதால் பெயரை விட அடக்கத் திகதிதான் வேலை செய்யும். மாதம்கூடத் தெரியாமல் "எண்பதுக்கு முதல்" என்று போனால் எந்த உத்தியோகத்தரும் பெருமூச்சு விடத்தான் செய்வார்.

போவதற்கு வார நாள், காலை நேரம். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், அலுவலகம் மூடியிருக்கும், சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் கொழும்பே மூடியிருக்கும். வெள்ளவத்தையிலிருந்து 154 பஸ் பம்பலப்பிட்டி, தும்முல்லைச் சந்தி வழியாக வந்து கனத்தைச் சந்தியைத் தாண்டித்தான் பொரளைக்குப் போகிறது. பஸ் வேண்டாமென்றால் பிக்மீ செயலியில் ஓட்டோ போடுங்கள், தெருவில் கை காட்டி ஏறினால் உங்கள் தமிழில் கனடா வாசம் அடிப்பதைக் கேட்டே விலை கூடும். சந்தியைச் சுற்றி மலர்ச்சாலைகளும் (இறுதிச் சடங்கு நடத்துகிற இடங்கள்) பூக்கடைகளும் இருக்கின்றன, பூவை அங்கேயே வாங்கலாம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் மழை கொட்டும், மே தொடங்கித் தென்மேல் பருவமழை. எந்த மாதமானாலும் மூடிய சப்பாத்து போடுங்கள், புல்லுக்குள் பாம்பு இருக்கலாம், பிள்ளைகள் அலறுகிற அளவுக்குப் பெரிய கபரகொய்யா (நீர் உடும்பு) வந்தாலும் அது தன் பாட்டில் போய்விடும். நுளம்புக்குப் பூசுகிற மருந்து கட்டாயம், கொழும்பு டெங்குவுக்குப் பேர்போன இடம்.

உள்ளே மதப்பிரிவு வாரியாகப் பகுதிகள் இருக்கின்றன, அதனால் நம் ஆள் இந்துவா, கத்தோலிக்கரா, அங்கிலிக்கனா, மெதடிஸ்தரா என்பது சரியாகத் தெரிய வேண்டும். கலியாணத்துக்காக மதம் மாறிய பெரியம்மாக்கள் விஷயத்தில் குடும்பம் சொல்கிற கதையும் பதிவும் ஒத்துப்போகாது, இரண்டு பக்கமும் பாருங்கள். முதலில் மாநகர சபையின் மயான அலுவலகத்துக்குப் போய் விபரத்தைக் கொடுங்கள், பிறகு நடங்கள். சிங்கள உத்தியோகத்தரை "மாத்தையா" என்று கூப்பிட்டுத் தாளை நீட்டினால் அநேகமாக உதவுவார்கள். சபையின் துப்புரவுத் தொழிலாளர்களில் தமிழர் பலர், வேலை செய்துகொண்டிருக்கும் ஐயாவிடம் தமிழில் கேட்டுப் பாருங்கள், அலுவலகத்தில் கிடைக்காத பதில் அவரிடம் கிடைக்கக்கூடும். கூட வந்து காட்டினால் கையில் ஏதாவது கொடுங்கள், ஆனால் பதிவைத் தேடித் தருவதாகச் சொல்லி வாசலில் காசு கேட்கிறவர்களை விட்டு விலகுங்கள்.

இந்துக்களுக்கு ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன், ஏமாற்றம் வராமல் இருக்க. தகனம் செய்தவர்களுக்குக் கல்லறை இருக்காது. இருக்கப் போவது பதிவேட்டில் ஒரு வரி மட்டும்தான். சாம்பல், களனி ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் கடலோடு போயிருக்கும், அல்லது ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலையில் கரைத்திருப்பார்கள். அப்படியானவர்களுக்கு நான் சொல்வது, கனத்தையில் அந்த வரியைப் பார்த்துவிட்டு முகத்துவாரத்துக்குப் போங்கள் என்பதுதான். ஆடி அமாவாசைக்குக் கொழும்புச் சைவர்கள் பிதிர்க்கடன் கொடுக்கக் கூடுகிற இடம் அது, பயணம் அந்த மாதத்தில் அமைந்தால் நல்லது. வெளிநாட்டில் இறந்தவரின் சாம்பலைக் கொண்டுவருகிறவர்கள் மரணச் சான்றிதழ், தகனச் சான்றிதழ் இரண்டையும் கைப்பையிலேயே வையுங்கள், உலோகமில்லாத பேழையாக எடுங்கள், ஊடுகதிரில் உள்ளே இருப்பது தெரிய வேண்டும். விமான நிறுவனத்திடமும் தூதரகத்திடமும் முதலே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் "பொம்பிளைப் பிள்ளைகள் சுடலைக்குப் போறதில்லை" என்று சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கு இன்னும் கண்டிப்பு. வெளிநாட்டில் பேத்திகள்தான் இந்தத் தேடலையே தொடங்குகிறார்கள், அவர்களைத் தடுத்தால் போகிறவர் யார்? என் கருத்து, போகலாம். ஆனால் தங்கியிருக்கிற வீட்டு மாமிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், வந்ததும் தோய்ந்துவிட்டுச் சமையலறைக்குள் போங்கள், அதற்கு மேல் சண்டை வேண்டாம். உடுப்பு வெள்ளையோ மங்கலான நிறமோ நல்லது. தெருவோரம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் அன்று செத்தவீடு நடக்கிறது என்று அர்த்தம், அந்தப் பக்கம் கமராவைத் தூக்காதீர்கள். பக்கத்தில் பேஸ்லைன் வீதியில் வெலிக்கடைச் சிறைச்சாலை இருக்கிறது, அதையும் படமெடுக்க வேண்டாம். ட்ரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நம் வீட்டு ஆளைக் கண்டுபிடித்த பிறகு, அல்லது கண்டுபிடிக்க முடியாமல் போனாலும், உடனே திரும்பிவிடாதீர்கள். 2008 மார்ச்சில் இறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார், மதச் சடங்கு எதுவும் இல்லாமல். 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவும் இங்கேதான், 2016இல் மறு பிரேத பரிசோதனைக்காக அவர் உடலைத் தோண்டி எடுத்து மீண்டும் புதைத்தார்கள். ஒவ்வொரு ஜனவரியும் அந்தக் கல்லறைக்கு ஊடகக்காரர்கள் வருகிறார்கள். 2020 டிசம்பரில், கொவிட் காலக் கட்டாயத் தகனத்தில் பிறந்து 20 நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தது இந்த மயானத்தில்தான், அதற்குப் பிறகு மதம் பாராமல் ஆட்கள் வந்து கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 படையினரின் உடல்களை மறுநாள் அடக்கம் செய்யக் கனத்தையில்தான் ஏற்பாடு. உடல்கள் வரத் தாமதமாகக் கூட்டம் பெருகி, கோபம் ஏறி, அடக்கம் அங்கே நடக்கவில்லை, அந்தக் கூட்டம் பொரளைக்குள் இறங்கித் தமிழர் கடைகளுக்குத் தீ வைக்கத் தொடங்கியது. அங்கிருந்துதான் கறுப்பு ஜூலை வன்முறை கொழும்பு முழுக்கப் பரவியது. 25, 27ஆம் திகதிகளில் பக்கத்து வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். நம்மில் எத்தனை பேர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதற்குக் காரணம் இந்தச் சந்தியில் தொடங்கிய ஒரு மாலை என்று யோசித்தால் தலை சுற்றும். ஆனால் வாசலில் நின்று உரத்த குரலில் இதைப் பேச வேண்டியதில்லை, பக்கத்தில் யாரோ ஒருவர் அன்றைக்குத் தன் தாயை அடக்க வந்திருப்பார். வாகனத்தில் ஏறிய பிறகு சொல்லுங்கள், கேள்வி கேட்பார்கள், நேரம் வைத்துச் சொல்லுங்கள்.

கல்லறை கிடைத்து, கல் உடைந்தோ எழுத்து அழிந்தோ இருந்தால் உடனே மேசனைப் பிடித்து வேலை கொடுக்காதீர்கள். முதலில் அது குடும்பம் வாங்கிய நிலமா, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள், வாங்கிய பழைய ரசீது வீட்டில் இருந்தால் படமெடுத்துக் கொண்டுபோங்கள். எதைக் கட்டுவதற்கும் மாநகர சபையின் அனுமதி வேண்டும். பதிவு இறந்துபோன பெரியப்பா பெயரில் இருந்தால் சிக்கல் தொடங்கும், அதற்குக் கொழும்பில் இருக்கிற உறவினர் ஒருவரைப் பொறுப்பாக வைத்துவிட்டு வருவது நல்லது, இரண்டு கிழமை விடுமுறைக்குள் முடிகிற காரியமில்லை. கத்தோலிக்கர்கள் நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் தினத்துக்கு முன் துப்புரவு செய்து முடிக்கப் பார்ப்பார்கள், அந்த வாரங்களில் மேசன்மாருக்கு வேலை அதிகம்.

தமிழ் எழுத்து வெட்டக் கொடுக்கிறீர்கள் என்றால் கையால் எழுதிக் கொடுக்காமல் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். ண, ன, ள, ழ எல்லாம் வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் வெறும் கோடுகள்தான். வெட்டுவதற்கு முன் பென்சிலில் போட்ட அடையாளத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, ஒன்றுக்கு இரண்டு பேர் பார்த்து, பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.