விளக்கெண்ணெய்: மலையில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கிவிடும். ஊட்டியில் கோடையிலும் பகல் வெப்பம் அந்த அளவைத் தாண்டும் நாள் குறைவு. ஆமணக்குக் கொட்டையிலிருந்து எடுக்கும் விளக்கெண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. புல்லில் உறைபனி விழும் ஜனவரியிலும் புட்டியைச் சாய்த்தால் மெதுவாகவாவது வழியும். வெடித்த குதிகால், காய்ந்த உதடு, வயிற்று வலி, மலச்சிக்கல், குழந்தைக்கு மூக்கடைப்பு என்று எதற்கும் மலை வீடுகளில் கை அந்தப் புட்டிக்குப் போவதில் ஆச்சரியம் இல்லை. குதிகாலுக்கும் உதட்டுக்கும் பூசும்போது தப்பு நடந்தாலும் பெரிய சேதம் வராது. வயிற்றுக்குள் போகும்போதுதான் கணக்கு மாறுகிறது.

இந்த எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். குடலுக்குள் போனதும் எண்ணெயிலிருந்து பிரிந்து, குடலின் தசையைத் தூண்டிச் சுருங்க வைக்கும், அதுதான் பேதி. பெரியவர்களுக்கு மருந்து அளவு 15 முதல் 60 மில்லி வரை. 2 முதல் 6 மணி நேரத்துக்குள் வேலை செய்துவிடும். ராத்திரி படுக்கப் போகும்போது குடிப்பது இதனால்தான் தப்பு. நடுச்சாமத்தில், நடுங்கும் குளிரில், எஸ்டேட் லயன் வீட்டுக்கு (தொழிலாளர் வரிசை வீடு) வெளியே இருக்கும் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். காலையில் குடித்துவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. வீட்டில் இருக்கும் நாளில், காலையில், சிறிய அளவில் குடிப்பதே சரி. "ஒரு கரண்டி" என்று அளக்காதீர்கள். மருந்துக் கடையில் தரும் அளவு மூடியில் ஊற்றுங்கள். அப்புறம், குளிரில் தாகம் தெரியாது. பேதியாகி உடம்பில் நீர் குறைந்தாலும் "தண்ணி வேண்டாம், டீ போதும்" என்று இருந்துவிடுவோம். தாகம் இல்லாவிட்டாலும் உப்புப் போட்ட கஞ்சியோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ குடிக்க வேண்டும். வாரக்கணக்கில் தொடர்ந்து குடிப்பதும் கூடாது. குடல் அந்தத் தூண்டுதலுக்குப் பழகிவிடும், பொட்டாசியம் போன்ற உப்புச் சத்துகளும் குறைந்துபோகும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, காரணம் தெரியாத வயிற்று வலிக்கு இதைக் கொடுப்பது. "வாயுதான், குடல் சுத்தமானால் சரியாகிவிடும்" என்று வீட்டில் பெரியவர் யாராவது சொல்வார். குடல்வால் அழற்சியின் (அப்பெண்டிசைடிஸ்) வலி பல பேருக்குத் தொப்புளைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கும். அந்த நேரத்தில் பேதி மருந்து கொடுத்தால், வீங்கிய குடல்வால் வெடிக்கும் ஆபத்து கூடுகிறது. குடல் அடைப்பிலும் அப்படித்தான். சமவெளியில் இருப்பவர் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கோ மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கோ வளைவுகளில் இறங்கி ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழையில் மரம் விழுந்தால் அதுவும் போச்சு. எண்ணெய் குடித்துவிட்டு "பார்ப்போம்" என்று காத்திருக்கும் நேரம் அந்தப் பயண நேரத்தோடு சேர்கிறது. வலியோடு காய்ச்சலோ வாந்தியோ இருந்தால், வயிறு கல்லாக இறுகியிருந்தால், எதுவும் குடிக்கக் கொடுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்து கர்ப்பிணிகள். நாள் நெருங்கியும் வலி வரவில்லை என்றால் விளக்கெண்ணெய் கொடுக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது, சிக்கலே அங்கேதான். குடல் தசையில் இந்த ரிசினோலெயிக் அமிலம் ஒட்டிக்கொண்டு தூண்டும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர், அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் இருக்கிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2012இல் எலிகளில் காட்டினார்கள். கருப்பை சுருங்கலாம், ஆனால் எவ்வளவு, எப்போது என்பது நம் கையில் இல்லை. முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். குறைமாதத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். டாக்டர் சொல்லாமல் ஒரு சொட்டும் கூடாது.

பிள்ளைகளுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பூச்சிக்காகப் பேதிக்குக் கொடுப்பார்கள். விளக்கெண்ணெய் குடற்புழுவைக் கொல்லாது. பேதியோடு ஒன்றிரண்டு புழு வெளியே வருவதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. அல்பெண்டசோல் மாத்திரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகவே தருகிறார்கள். அதைக் கொடுத்தால் போதும்.

கைக்குழந்தைக்குக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவதை அறவே நிறுத்த வேண்டும். பிசுபிசுப்பான எண்ணெய் தொண்டையைக் கூசச் செய்யாமல், இருமலும் வராமல், நுரையீரலுக்குள் நழுவிவிடும். அங்கே தங்கி ஒருவித நிமோனியாவை உண்டாக்கும். சாதாரண ஆன்டிபயாடிக் அந்த எண்ணெயை வெளியேற்றாது. சளி பிடித்த குழந்தைக்குத்தான் அதிகம் விடுகிறோம் என்பது இதில் கொடுமை. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு போதும். கண்ணும் அப்படியே. சில கண் மருந்துகளில் ஆமணக்கு எண்ணெய் சேர்ப்பது உண்மை. அது கிருமி நீக்கியது. சமையலறை அலமாரியில் திறந்து மூடிய புட்டி அப்படிப்பட்டது இல்லை.

எண்ணெய் வேறு, கொட்டை வேறு. சாலையோரத்தில் தானாக முளைத்து நிற்கும் ஆமணக்கின் கொட்டையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது, பிழிந்த பிறகு புண்ணாக்கில் தங்கிவிடும், சூட்டில் செயலிழக்கும். கொட்டையை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து எண்ணெய் எடுத்த பாட்டிகளின் முறை இதனால்தான் தப்பித்தது. பச்சைக் கொட்டையை அரைத்து உள்ளுக்குச் சாப்பிடச் சொல்லும் வீடியோக்கள் வருகின்றன, நம்பாதீர்கள். செடிகளுக்கு உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கை நாய் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டாமணக்கு எண்ணெய் இன்னொரு சாதி, அதுவும் நஞ்சு.

பூசுவதில் சொல்ல அதிகம் இல்லை. குளித்துத் துடைத்த ஈரம் காய்வதற்குள் குதிகாலில் தடவினால் பலன் தெரியும். தலைக்குத் தனியாகத் தேய்த்தால் முடி சிக்குப் பிடித்து வெட்டும் நிலைக்கும் போகலாம். வேறு எண்ணெயோடு கலந்து கொஞ்சமாகத் தேயுங்கள். முடி வளரும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. மூட்டு வலிக்கு எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுக்கும்போது, சர்க்கரை நோயாளிகளின் கால் சூட்டை உணராமல் கொப்பளித்துவிடும். முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள்.

பூஜைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தீப எண்ணெய் பல எண்ணெய்களின் கலவை. அது விளக்கோடு நிற்கட்டும். உள்ளுக்கு என்றால் மருந்துக் கடையில் ஐ.பி. (இந்திய மருந்துத் தர நூலின் குறி) என்று போட்ட புட்டி வாங்குங்கள்.

ஊட்டி பஜாரில் வாங்கிய யூகலிப்டஸ் தைலத்தை இதோடு கலந்து குழந்தையின் நெஞ்சில் தேய்க்கிறவர்கள் உண்டு. இரண்டு வயதுக்குள் வேண்டாம், முகத்துக்கு அருகில் எந்த வயதிலும் வேண்டாம். அந்தத் தைலம் சில மில்லி வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். இரண்டு புட்டியும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும் என்பதால், தைலத்தை வேறு அலமாரியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.