ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா அது ஒப்பீடு ஆயிடாது: ஒப்பிட்டு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு

ஒப்பாய்வுனு பேர் போட்டு வர்ற தீசிஸ், கட்டுரை நிறைய ஒரே அச்சுல தான் இருக்கும். முதல் சாப்டர் ஒண்ணைப் பத்தி, ரெண்டாவது சாப்டர் இன்னொண்ணைப் பத்தி, மூணாவதுல ஒற்றுமைகள் ஒரு லிஸ்ட், வேற்றுமைகள் ஒரு லிஸ்ட், அப்புறம் முடிவுரை. படிச்சு முடிச்சதும் "சரி, அதுக்கு இப்ப என்ன?"னு தான் தோணும். எந்த ரெண்டு விஷயத்தை எடுத்தாலும் நூறு ஒற்றுமை நூறு வேற்றுமை சொல்லிடலாம், அதுல கஷ்டமே இல்ல. அதுல எது கணக்குல வரும், எது வராதுன்னு பிரிக்கிறது தான் வேலை. மருத்துவம், மொழியியல், உயிரியல், அரசியல், சுவடிப் பதிப்புனு ஒவ்வொரு துறையும் இதுக்கு தனக்குன்னு ஒரு வழி வெச்சிருக்கு, மத்த துறைக்காரங்க அதை எட்டிப் பாக்கறது தான் ரொம்ப கம்மி.

முதல்ல கேள்வி இருக்கணும். "அ-வையும் ஆ-வையும் ஒப்பிடப் போறேன்"ங்கறது தலைப்பு, கேள்வி இல்ல. "இவ்வளவு ஒத்துப்போற ரெண்டு விஷயம் இந்த ஒரு இடத்துல மட்டும் ஏன் வேற மாதிரி போச்சு?", இல்லன்னா "ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு எப்படி ஒரே மாதிரி முடிஞ்சுது?" இந்த ரெண்டுல ஒண்ணு உங்களை உறுத்தணும். உறுத்தலன்னா டேட்டா சேக்க ஆரம்பிக்காதீங்க.

இதுக்கு நான் எப்பவும் காட்டற உதாரணம் இக்னாஸ் செம்மல்வைஸ்ங்கற டாக்டர். 1840கள்ல வியன்னா பொது மருத்துவமனையில ரெண்டு பிரசவப் பிரிவு இருந்துச்சு, ஒண்ணுல மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி, இன்னொண்ணுல மருத்துவச்சிகளுக்கு. 1846ல முதல் பிரிவுல தாய்மார்கள் 11.4 சதவீதம் பேர் இறந்து போனாங்க, ரெண்டாவதுல 2.8 சதவீதம் தான். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஊர், ஒரே தட்பவெப்பம், யார் எந்தப் பிரிவுக்குப் போறாங்கங்கறது கூட பெரும்பாலும் எந்த நாள்ல வந்து சேர்றாங்கங்கறதைப் பொறுத்தது தான். அப்ப வித்தியாசம் எங்கேந்து வருது? அவர் ஒவ்வொரு காரணமா எடுத்துப் பாத்து தள்ளிக்கிட்டே போனார். கூட்ட நெரிசலான்னு பாத்தா, முதல் பிரிவுன்னாலே பயந்து எல்லாரும் ரெண்டாவதுக்கு ஓடினதால அங்க தான் நெரிசல் ஜாஸ்தி. பிரசவத்தப்ப பெண்கள் படுக்கற விதம் ரெண்டு பிரிவுலயும் வேற மாதிரி இருந்துச்சு, அதையும் மாத்திப் பாத்தார், ஒண்ணும் குறையல. சாகப்போறவங்களுக்கு சடங்கு பண்ண வர்ற பாதிரியார் மணி அடிச்சுக்கிட்டு முதல் பிரிவு வழியா போறதால பயத்துல நோய் வருதோன்னு அவரை வேற வழியா போகச் சொன்னார், அதுலயும் ஒண்ணும் மாறல.

1847ல கோலெட்ச்கான்னு ஒரு பேராசிரியர் பிரேதப் பரிசோதனையில கத்தி பட்டு, அந்தத் தாய்மார்களைக் கொன்ன பிரசவ ஜுரம் மாதிரியே அறிகுறிகளோட இறந்தார். ஆம்பள, பிரசவம் கிடையாது, வார்டுல படுக்கவே இல்ல, ஆனா அதே நோய். ரெண்டுக்கும் பொதுவா மிஞ்சினது பிணத்தைத் தொட்ட கத்தியும் கையும். மாணவர்கள் பிணவறையிலேந்து நேரா பிரசவம் பாக்க வருவாங்க, மருத்துவச்சிகளுக்கு அந்த வேலை கிடையாது. அந்த வருஷம் மே மாசம் குளோரின் கரைசல்ல கை கழுவ வெச்சார், ஏப்ரல்ல 18.3 சதவீதமா இருந்த சாவு ஜூன்ல 2.2க்கு இறங்கிடுச்சு.

இதுல ரெண்டு வேற வேற ஒப்பீடு இருக்கறதை கவனிங்க. ரெண்டு பிரிவு: எல்லாம் ஒண்ணு, முடிவு மட்டும் வேற. தாய்மாரும் பேராசிரியரும்: எல்லாம் வேற, முடிவு மட்டும் ஒண்ணு. தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843லயே இந்த ரெண்டையும் தர்க்கமுறையா எழுதி வெச்சுட்டார், 1970ல அரசியல் ஆய்வாளர்கள் ஷெவொர்ஸ்கியும் டியூனும் நாடுகளை ஒப்பிடறவங்களுக்காக அதே மாதிரி ரெண்டு வழியைப் பிரிச்சுக் காட்டினாங்க. நீங்க எதைப் பண்றீங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க, ஏன்னா எந்த கேஸை, அதாவது ஒப்பிட எந்த நாட்டை, ஊரை, நிகழ்ச்சியை எடுக்கணும்ங்கறது அதைப் பொறுத்து தான் மாறும். முதல் வகைன்னா முடிஞ்ச அளவு ஒத்துப்போற ஜோடியைத் தேடணும். 1854ல லண்டன் காலரா அப்ப டாக்டர் ஜான் ஸ்னோ பண்ணது அது தான், ஒரே தெருவுல பக்கத்து பக்கத்து வீட்டுக்கு வேற வேற கம்பெனி தண்ணி, ஒரு கம்பெனி தேம்ஸ் நதியில சாக்கடை கலக்கற இடத்துலேந்து எடுக்குது, இன்னொண்ணு ரெண்டு வருஷம் முன்னாடியே மேல்நீரோட்டத்துக்குப் போயிடுச்சு, பத்தாயிரம் வீட்டுக்கு 315 சாவு ஒரு பக்கம், 37 இன்னொரு பக்கம். ரெண்டாவது வகைன்னா ஜோடி எவ்வளவு தூரமா இருக்கோ அவ்வளவு நல்லது.

காலத்தையும் சேத்துக்கிட்டா இன்னும் பலம். நியூ ஜெர்சியில 1992 ஏப்ரல் 1ல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலர்லேந்து 5.05 ஆச்சு, பக்கத்து பென்சில்வேனியாவுல ஏறல. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் ரெண்டு பக்கமும் சேத்து 410 துரித உணவுக் கடைகள்ல கூலி ஏற்றத்துக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை வேலையாட்கள் எண்ணிக்கையை எடுத்தாங்க. நியூ ஜெர்சி முன், பின் மட்டும் பாத்திருந்தா அந்த வருஷப் பொருளாதார மந்தமும் உள்ள கலந்திருக்கும். பென்சில்வேனியாவுல என்ன மாறிச்சோ அதைக் கழிச்சுட்டு மீதியைப் பாத்தாங்க, வேலை குறைஞ்சதுக்கு அடையாளம் கிடைக்கல. அந்த முடிவை வெச்சு பொருளாதாரக்காரங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க, ஆனா அந்தக் கழித்தல் டெக்னிக்கை எந்தத் துறைக்காரரும் எடுத்துக்கலாம்.

கேஸ் தேர்ந்தெடுக்கறதுல பெரிய பொறி ஒண்ணு இருக்கு: முடிவைப் பாத்து கேஸ் பொறுக்கறது. ஜெயிச்ச கம்பெனிகளை மட்டும் எடுத்து பொதுவா என்ன இருக்குன்னு தேடற புத்தகங்களை பாத்திருப்பீங்க, அதே குணம் தோத்த கம்பெனிகள்லயும் இருந்துச்சான்னு யாரும் கேக்கறதில்ல. பெரிய ஆய்வுகள் மேலயும் இந்தப் புகார் உண்டு. சமூகவியல் அறிஞர் தீடா ஸ்கோச்போல் 1979ல பிரான்ஸ், ரஷ்யா, சீனா மூணையும் ஒப்பிட்டு சமூகப் புரட்சிக்குக் காரணம் சொன்னாங்க, அதுல வெளிநாட்டு நெருக்கடியும் ஒண்ணு. 1990ல அரசியல் ஆய்வாளர் பார்பரா கெட்டிஸ் அதை லத்தீன் அமெரிக்கா பக்கம் கொண்டுபோய் பாத்தா, போர்ல தோத்து நிலத்தை இழந்த நாடுகள் பலதுல புரட்சி வரவே இல்ல. ஸ்கோச்போல் இங்கிலாந்து, பிரஷ்யா, ஜப்பானையும் எதிர் உதாரணமா பாத்தவங்க தான், அதனால அவங்களை ஒரேயடியா குறை சொல்றது நியாயமில்ல. ஆனா உங்க லிஸ்ட்ல "இது நடக்காத" கேஸ் ஒண்ணாவது இல்லன்னா அந்த லிஸ்ட் எதையும் நிரூபிக்காது.

அடுத்தது சலிப்பான வேலை, ஆனா விட்டுடாதீங்க: ரெண்டு பக்கமும் ஒரே பேர்ல எழுதியிருக்கறது ஒரே விஷயம் தானா? சாலை விபத்து மரணம்னா விபத்து நடந்து 30 நாளுக்குள்ள இறந்தவங்கன்னு பல நாடுகள்ல கணக்கு, பிரான்ஸ்ல 2004 வரைக்கும் 6 நாள். அது தெரியாம ரெண்டு நாட்டு எண்ணிக்கையைப் பக்கத்துல வெச்சா பிரான்ஸ் ரோடு உண்மைக்கு மேல பாதுகாப்பா தெரியும். மொத்தத்தை ஒப்பிடறதா, உள்ள பிரிச்சு ஒப்பிடறதாங்கறதும் முடிவையே திருப்பிடும். 1973ல பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புக்கு விண்ணப்பிச்ச ஆண்கள்ல சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைச்சுது, பெண்கள்ல 35. பாரபட்சம்னு தோணுதுல்ல? துறை துறையா பிரிச்சுப் பாத்தா அந்த அளவு பாரபட்சம் காணோம், இடம் கிடைக்கறதே கஷ்டமான துறைகளுக்கு பெண்கள் அதிகமா விண்ணப்பிச்சிருந்தாங்க. (அந்தத் துறைகள்ல ஏன் இடம் கம்மி, ஏன் அங்க பெண்கள் அதிகம்ங்கறது தனிக் கேள்வி, அதை இந்தக் கணக்கு தீர்க்காது.)

இப்ப ஒற்றுமைக்கு வருவோம், இங்க தான் ஜாஸ்தி பேர் வழுக்கறாங்க. ரெண்டு விஷயம் ஒரே மாதிரி இருந்தா அதுக்கு நாலு காரணம் இருக்கலாம்: தற்செயல், ஒண்ணுகிட்டேந்து ஒண்ணு வாங்கினது, ரெண்டும் ஒரே மூலத்துலேந்து வந்தது, இல்லன்னா ஒரே மாதிரி நெருக்கடி ரெண்டையும் ஒரே வழிக்குத் தள்ளினது. உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணைச் சொல்றதுக்கு முன்னாடி மத்த மூணையும் தள்ளணும்.

தற்செயலைத் தள்ளறதுல மொழியியல்காரங்க கில்லாடிங்க. ஆஸ்திரேலியாவுல ம்பபாரம்னு ஒரு மொழி, அதுல நாய்க்கு 'டாக்' தான், இங்கிலீஷ்லேந்து வந்ததே இல்ல, முழுக்க தற்செயல். நம்ம 'ஒன்று'க்கும் இங்கிலீஷ் 'ஒன்'னுக்கும் முடிச்சு போடறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். ஒரு வார்த்தை ஒத்துப்போறது சாட்சி இல்ல, ஒழுங்கா திரும்பத் திரும்ப வர்ற மாற்றம் தான் சாட்சி. தமிழ்ல பல், பத்து, புலி, பாடு, கன்னடத்துல ஹல்லு, ஹத்து, ஹுலி, ஹாடு. ஒலி ஒண்ணா இல்ல, ஆனா வேறுபடறதே ஒரு ஒழுங்குல வேறுபடுது, பழைய கன்னடக் கல்வெட்டுகள்லயும் 'ப' தான் இருக்கு. இதைத் தற்செயல்னு சொல்ல முடியாது. அதனால உங்க துறை எதுவா இருந்தாலும் ஒரு ஒற்றுமையை வெச்சு கட்டடம் கட்டாதீங்க, ஒரே திசையில போற பத்து சின்ன விஷயத்தைத் தேடுங்க.

ஒரே மூலமாங்கற கேள்விக்கு சுவடிப் பதிப்பாளர்கள் சொல்ற பதில் ரொம்பப் பிடிக்கும் எனக்கு. ரெண்டு ஏட்டுல ஒரே சரியான பாடம் (ஒரு இடத்துல எழுதியிருக்கற வார்த்தைகள்) இருந்தா அதுல ஒண்ணும் தெரியாது, சரியானது மூலத்துலேந்தே வந்திருக்கும், எல்லா ஏட்டுலயும் இருக்கலாம். ரெண்டுலயும் ஒரே வரி விட்டுப் போயிருந்தா, ஒரே விசித்திரமான பிழை இருந்தா, அப்ப தான் ரெண்டும் ஒரே தாய் ஏட்டைப் பாத்து எழுதினதுன்னு சந்தேகப்படலாம். விலங்குகளை வகைப்படுத்தறதுல உயிரியல் அறிஞர் வில்லி ஹென்னிக் 1950ல சொன்னதும் கிட்டத்தட்ட இதே: பழசுலேந்து ரெண்டும் அப்படியே வெச்சுக்கிட்ட குணம் நெருக்கத்தைக் காட்டாது, புதுசா வந்து ரெண்டும் பகிர்ந்துக்கற குணம் தான் காட்டும். செதிலு, நாலு கால், தரையோட ஊர்ற உடம்புனு பாத்தா முதலை பல்லிக்கு சொந்தம் மாதிரி இருக்கும், உண்மையில முதலைக்கு நெருங்கின உறவு பறவை. இதை நீங்க நிர்வாக விதிகளுக்கோ கட்டடங்களுக்கோ கூடப் போட்டுப் பாக்கலாம், ரெண்டு சட்டத்துல ஒரே அர்த்தமில்லாத பிரிவு, ஒரே எண்பிழை வந்திருந்தா காப்பி அடிச்சதுக்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. ஆனா எளிய பிழையை ரெண்டு பேர் தனித்தனியாவும் பண்ணலாம், ஆக்டோபஸ் கண்ணும் நம்ம கண்ணும் தனித்தனியா உருவாகி லென்ஸ் வரைக்கும் ஒத்துப்போற மாதிரி. அதனால பயனுள்ளதா இருக்கற ஒற்றுமையை எப்பவும் கொஞ்சம் சந்தேகத்தோட பாருங்க, பயனில்லாத ஒற்றுமைக்கு மதிப்பு ஜாஸ்தி.

நிறைய கேஸ் சேத்துட்டா இதெல்லாம் சரியாயிடும்னு நினைக்காதீங்க. மானுடவியல் அறிஞர் எட்வர்ட் டைலர் 1888ல சுமார் 350 சமூகங்களோட திருமண, வாரிசு வழக்கங்களை அட்டவணை போட்டு எதோட எது சேர்ந்து வருதுன்னு காட்டினார், கேட்டுக்கிட்டிருந்த ஃபிரான்சிஸ் கால்டன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: இதுல எத்தனை உண்மையிலேயே தனித்தனி கேஸ், எத்தனை ஒரே இடத்துலேந்து பரவினதோட நகல்? பக்கத்து பக்கத்துல இருக்கற பத்து சமூகம் ஒரே வழக்கத்தை வெச்சிருந்தா அது பத்து சாட்சியா ஒரு சாட்சியா? இன்னைக்கும் அதுக்கு கால்டன் சிக்கல்னு தான் பேர். உயிரியல்ல இதே தொல்லைக்கு ஜோசஃப் ஃபெல்சென்ஸ்டீன் 1985ல ஒரு கணக்கு வழி கொடுத்தார், இனங்களை நேரா எண்ணாம வம்ச மரத்துல ஒவ்வொரு கிளை பிரியற இடத்துலயும் வர்ற வித்தியாசத்தை எண்றது. உங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம்னாலும் பரவால்ல, கேஸ் லிஸ்ட்டை எடுத்து யார் யார்கிட்டேந்து வாங்கினாங்கன்னு அம்பு போட்டுப் பாருங்க, முப்பது கேஸ் நாலா சுருங்கினாலும் சுருங்கும்.

இன்னொரு துறையோட முறையைக் கடன் வாங்கும்போது அதோட அடியில இருக்கற அனுமானமும் சேர்ந்து வரும்ங்கறது ஞாபகம் இருக்கட்டும். வம்ச மரம் விலங்குகளுக்கு நல்லா வேலை செய்யுது, பாக்டீரியாவுக்கு வந்தா ஜீன்கள் பெற்றோர்கிட்டேந்து மட்டும் இல்லாம ஒரு இனத்துலேந்து இன்னொண்ணுக்கு குறுக்க பாயறதால மரம் குழம்பிடும். கதை, சட்டம், தொழில்நுட்பம் எல்லாம் குறுக்க பாயறதுல பாக்டீரியாவையும் மிஞ்சிடும், அங்க மரம் வரைஞ்சு வெச்சா அழகா இருக்கும், ஆனா தப்பா இருக்கும்.

எழுதும்போது கேஸ் வாரியா சாப்டர் பிரிக்காதீங்க. காரணம் வாரியா பிரிங்க, ஒவ்வொரு சாப்டர்லயும் எல்லா கேஸும் வரட்டும், அப்ப தான் நீங்களே எங்க ஏமாத்தறீங்கன்னு தெரியும், ஏன்னா ஒரு கேஸுக்கு தகவல் இல்லன்னா அந்தப் பத்தி மொட்டையா நிக்கும். அட்டவணையில காலியா இருக்கற கட்டத்தை காலியாவே விடுங்க, "பொருந்தாது"ன்னு போட்டு மூடாதீங்க. எந்த கேஸை எடுத்துப் பாத்துட்டு விட்டீங்க, ஏன் விட்டீங்கன்னு ஒரு பத்தி முதல் சாப்டர்லயே போட்டுடுங்க, வைவாவுல (தீசிஸ் மேல நடக்கற வாய்மொழித் தேர்வுல) எக்ஸாமினர் கேக்கற முதல் கேள்வி பெரும்பாலும் அதுவா தான் இருக்கும்.