பொட்டலுக்கு மழைக்கணக்கு: என் மாயக்கதை வரைபடத்தைச் சரிசெய்த விதம்

என் மாயக்கதை உலகில் மழைக்காட்டை ஒட்டியே பாலைவனம் இருந்தது. ஏன் வறண்டது என்பதற்குக் காரணமே இல்லை. முதலில் காற்று, பிறகு மலை, கடைசியில் நிலம் என்று வரையும் வரிசையை மாற்றினேன். மாதிரி, மதுரைதான். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை கறந்துவிடும்; கேரளப் பக்கம் அடர்காடு, கிழக்கே முள்காடு. காட்டுக்கும் பொட்டலுக்கும் நடுவே மலையை நிறுத்தியதும் வரைபடம் பொருந்திவிட்டது.

ஆறு கடலில்தான் சேர வேண்டும் என்பதில்லை. 258 கிலோமீட்டர் வைகை பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. வழியெல்லாம் கண்மாய், மடை, ஊர்கள் முறைவைத்துப் பாய்ச்சும் முறைத்தண்ணீர். கதையில் வரும் ஊர்ப்பகைக்கும் கல்யாண சம்பந்தத்துக்கும் அங்கேதான் காரணம் கிடைக்கும்.

திணை மரபில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வேனிலில் திரிவதே பாலை. என்ன அழகான யோசனை! அதனால் பொட்டலுக்கும் மாதம் குறித்தேன்: ஐப்பசியில் பச்சை, சித்திரையில் பாலை.