கன்றுக்குத் தட்டைப்புழு மருந்து: எடை பார்த்து, காலம் பார்த்துக் கொடுக்கும் முறை

"போன மாசம்தான் புழு மருந்து ஊத்தினோம், இன்னும் கன்னு தேறலையே" என்று புலம்புபவர்கள், அது எந்த மருந்து என்று முதலில் பாருங்கள். ஐவர்மெக்டின் உருளைப்புழுவைக் கொல்லும், கல்லீரல் தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. டெல்டா பக்கம் வயலிலும் வாய்க்கால் கரையிலும் மேயும் கன்றுகளுக்குத் தட்டைப்புழுவுக்கென்று தனி வைத்தியம் வேண்டும்.

1. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறியிருக்கிறதா? தாடைக்கு அடியில் நீர் கோத்து, அழுத்தினால் குழி விழுகிறதா? ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவாலும் இப்படி ஆகும். அதனால் அறிகுறியை மட்டும் நம்ப வேண்டாம்.

2. புதுச் சாணத்தை மூடியுள்ள டப்பாவில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய், தட்டைப்புழு முட்டை இருக்கிறதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லை என்று வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். புல்லோடு போன புழு முட்டையிட மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். தையில் அறுவடை வயலில் மேய்ந்த கன்றின் சாணத்தில் சித்திரை வாக்கில்தான் முட்டை தெரியும்.

3. எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வோம், மருந்தும் குறைந்துவிடும். தையல்காரர் டேப் போதும். முன்னங்காலை ஒட்டி மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 = கிலோ. 48 அங்குலச் சுற்றளவும் 40 அங்குல நீளமும் இருந்தால் கன்று சுமார் 140 கிலோ.

4. தட்டைப்புழு மருந்தில் ட்ரைகிளாபெண்டசோல் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 12 மி.கி.; குஞ்சுப் புழுவையும் கொல்லும். 140 கிலோவுக்கு 1,680 மி.கி. ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள பாட்டில் என்றால் சுமார் 17 மில்லி. ஆக்சிகுளோசனைடு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; வளர்ந்த புழுவை மட்டுமே கொல்லும் என்பதால் இரண்டு மாதம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும். எது, எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

5. தலையை அண்ணாந்து தூக்காதீர்கள், நாக்கையும் பிடித்து இழுக்காதீர்கள். முகவாய் தரைக்கு இணையாக இருந்தால் போதும். கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விழுங்க விடுங்கள். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். மருந்து நுரையீரலுக்குப் போனால் புழுவைவிட அதுதான் ஆபத்து.

அப்புறம் மேய்ச்சல். நத்தையிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சு, தண்ணீர் ஓரப் புல்லின் அடித்தண்டில்தான் ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் கன்றைக் கட்டாமல், மேட்டுப்புல் போடுங்கள். வயலில் வாத்து விட வசதியிருந்தால் நத்தையை அது பார்த்துக்கொள்ளும்.